பஞ்சநாதன் கிடாருக்குப் பிக்கப் மாற்றியது

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சநாதனைத் தெரியாத விவசாயி கிடையாது. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கருகிய கம்பியை அறுத்து எறிந்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பியைச் சுற்றிக் கட்டிக் கொடுப்பான். அவன் கட்டிய காயில், அதாவது கம்பிச்சுருள், மூன்று கோடை தாங்கும். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல ஒரு வாய் கிடையாது. ஆனால் அந்தப் பேர் அவனுக்கு வேண்டாம். கிடார்க்காரன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதுதான் வேண்டும். கையில் இருக்கிற பேரைக் காலால் தள்ளிவிட்டு இல்லாத பேருக்கு அலைகிற ரகம்.

தொண்ணூற்றாறில் திருச்சிக்குப் போய் ஒரு கரண்டு கிடார் வாங்கி வந்தான். கல்கத்தா பக்கம் செய்தது. கடைச் சுவரில் மாட்டியிருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். ரத்தச் சிவப்புப் பெயிண்டு அடித்து மேலே பளபளவென்று இருக்கும். சுரண்டினால் உள்ளே ஒட்டுப்பலகை. ஆறு மாதம் ஞாயிறுதோறும் திருச்சிக்குப் பஸ் ஏறி ஒரு வாத்தியாரிடம் கற்றான். ஏழாவது மாதம் அரியலூர் சாமிதுரையின் பாட்டுக் கச்சேரிக் குழுவில் சேர்ந்துவிட்டான்.

சாமிதுரை கீபோர்டு வாசிப்பவன். குழு அவனுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வருஷத்தில் முப்பது நாற்பது மேடை ஏறும். அந்தப் பக்கத்தில் கச்சேரி பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு எப்படி இருக்கும் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை ஆள், எத்தனை கருவி என்று கேட்பார்கள். மேடை ஏறியதும் ஆடு எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி எண்ணுவார்கள். பதினாலு என்று பேசிவிட்டுப் பதிமூன்று நின்றால் சண்டை. கிடார் இல்லாவிட்டால் அது கச்சேரியே இல்லை என்பார்கள். அதனால் பஞ்சநாதன் போய்க் கேட்டதும் சாமிதுரை அவனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டு, “வர்ற வெள்ளிக்கெழம வந்துரு” என்றான். தன் திறமையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டான் என்று பஞ்சநாதன் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த வருஷம் கல்யாணம். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டு ஊரில் முருகையன் என்பவனுடைய தங்கை ஜெயசித்ரா. முருகையனுக்குப் பத்து ஏக்கர் முந்திரி, வாய் நூறு ஏக்கர். மோட்டார் கட்டுகிற மாப்பிள்ளை, கோடைக்குக் கோடை வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தங்கையைக் கொடுத்தான். மூன்றாம் மாதம் ஒரு திருவிழாவில் மாப்பிள்ளை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சிவப்புப் பலகையைக் கழுத்தில் மாட்டி நிற்பதைப் பார்த்தான். அன்றோடு மரியாதை போயிற்று. அதன்பிறகு மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே கிடையாது. ‘கிடாரு’தான்.

“ஏ கிடாரு, சும்மாதான நிக்கிற? அந்த வாளியத் தூக்கிப் பந்தியில சாம்பார ஊத்து.”

மச்சான் வீட்டு விசேஷத்தில் மாப்பிள்ளை சாம்பார் ஊற்றுவது என்றால் அந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சநாதன் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தான். இதே ஆள் முன்னால், இதே சனங்கள் முன்னால், ஒரு நாள் தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். இந்த முருகையன் எழுந்து நிற்க வேண்டும்.

அதற்குச் சாமிதுரை வழிவிட வேண்டுமே. தனி வாசிப்பு என்று கேட்கும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான்.

“ஒன் கிடாரு இரையுது பஞ்சு. கேக்குதா? ம்ம்ம்முனு. கொளவிக்கூட்டுல கல்ல எறிஞ்ச மாதிரி. இத வச்சிக்கிட்டு ஒன்னத் தனியா வுட்டா சனம் செருப்பக் கழட்டும்.”

இரைச்சல் உண்மைதான். மேடையில் எப்போதும் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். பஞ்சநாதன் வீட்டில் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாலும் கிடார் இரையத்தான் செய்தது. அவனுக்குக் காரணமும் தெரியும். கிடாரின் வயிற்றில், கம்பிகளுக்கு நேர் கீழே, பிக்கப் என்று சின்னதாக ஒரு சமாச்சாரம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி. மேலே கம்பி அதிர்ந்தால் அதைக் கரண்டாக மாற்றிப் பெட்டிக்கு அனுப்புகிறது. மலிவுக் கிடாரில் இருப்பது ஒற்றைக் காயில். கம்பி அதிர்வதை மட்டும் அது வாங்காது. டியூப்லைட், சீரியல் செட்டு, ஜெனரேட்டர் என்று பக்கத்தில் ஓடுகிற எல்லாக் கரண்டின் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். இரட்டைக் காயில் போட்ட பிக்கப் என்றால் அந்தத் தொந்தரவு இல்லை. ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டிய இரண்டு காயில். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் புகுந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். கம்பியின் சத்தம் மட்டும் கூடி வரும். காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைப் புரியவைக்க யாரும் வேண்டுமா?

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது இதை விளக்கினான். சாமிதுரை கொட்டாவி விட்டான்.

“அப்ப மாத்திட்டு வா. மாத்திட்டு வந்தன்னா தனி வாசிப்பு தர்றேன், போ.”

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சவுண்டு சர்வீஸ் கண்ணையன் ரொம்ப நேரம் சிரித்தான். தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று பஞ்சநாதனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சாமான் திருச்சியில் கிடைக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஹபீபுல்லா என்று ஒருவர் சார்ஜாவில் வேலை பார்த்தார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டு மோட்டார் எரிந்தபோது பஞ்சநாதன் அன்றைக்கே கட்டிக் கொடுத்துத் தண்ணீர் வரவைத்திருந்தான். அந்த விசுவாசத்தில் அவரிடம் படம் வரைந்து கொடுத்தான். முதல் லீவில் அவர் வந்தபோது ஒரு டார்ச் லைட்டும் கோடாலித் தைலமும் இருந்தன, பிக்கப் இல்லை.

“மறந்துட்டேன் தம்பி, மன்னிச்சிக்கங்க. இன்ஷா அல்லாஹ், அடுத்த லீவுல கண்டிப்பா.”

அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் தைலம் தீரத் தீர ஜெயசித்ரா கேட்டாள்.

“ஒங்க பாய் எப்ப வருவாரு? கிடாருக்கு வராட்டியும் பரவால்ல, எனக்குத் தைலம் தீந்துபோச்சி.”

இரண்டாயிரத்து மூன்று வைகாசியில் வந்தது. தீப்பெட்டியைவிடப் பெரிதாக இரண்டு கறுப்புப் பெட்டி. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசைத் திருகாணி, பின்னால் நாலு வண்ண ஒயர். பஞ்சநாதன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த மாதிரி தன் பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை.

மாட்டுவது லேசாக இல்லை. பழைய பள்ளத்தில் புதுசு நுழையவில்லை. உளியால் பலகையைக் கொத்தினான். மலிவுப் பலகை அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து வந்தது. பசை வைத்து இறுக்கி, இரண்டு நாள் காயவிட்டு, மறுபடி கொத்தினான். எந்த ஒயர் எந்தக் காயிலின் தலை, எது வால் என்று சொல்ல ஒரு சீட்டும் கூட வரவில்லை. மீட்டரை வைத்து ஜோடி ஜோடியாகக் கண்டுபிடித்தான். முதல் தடவை மாட்டியபோது கிடார் கொசு மாதிரி முனகியது. எந்தப் பயலும் பயந்திருப்பான். பஞ்சநாதன் பயப்படவில்லை. ஒரு காயில் தலைமாறிக் கிடக்கிறது, ஒன்றை ஒன்று தின்கிறது என்று உடனே சொல்லிவிட்டான். இரண்டு ஒயரை மாற்றி, ஈயத்தை உருக்கிச் சூடு வைத்தான். மீட்டினான்.

கடை முழுக்க நிறைந்தது சத்தம். தடித்த, தேன் மாதிரி இறங்குகிற சத்தம். கையை எடுத்தால் நிசப்தம். தலைக்கு மேலே டியூப்லைட் எரிகிறது, பக்கத்தில் டெஸ்டிங் மோட்டார் ஓடுகிறது, கிடார் மூச்சு விடவில்லை. அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைச் சொல்லலாம். அங்கேயே அவன் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனி மாதம் முருகையன் மகனுக்குக் காதுகுத்து. ஜெயங்கொண்டத்தில் மண்டபம், ஆட்டுக்கறிச் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் பகல் கச்சேரி. முருகையன் சாமிதுரை குழுவைத்தான் பேசியிருந்தான். தங்கை புருஷன் இருக்கிற குழுவென்றால் குறைத்துப் பேசலாம் என்பது அவன் நினைப்பு.

மதியம் இரண்டு மணிக்குக் குழு மேடை ஏறியதும் முருகையன் விரலை நீட்டி எண்ணினான்.

“பன்னெண்டு, பதிமூணு… கிடாரையும் சேத்தாப் பதினாலா?”

“சேத்துத்தாங்க” என்றான் சாமிதுரை.

“அத ஒரு ஆளுன்னு சேத்துக்கிட்டீங்களாக்கும். சரி, ஆரம்பிங்க.”

பஞ்சநாதன் சாமிதுரையிடம் கிடாரைக் கொண்டுபோய்க் காட்டினான். “மாஸ்டர், மாத்திட்டேன். இனிமே இரையாது. நீங்க சொன்னீங்கள்ல, தனி வாசிப்பு. இன்னிக்கி என் மச்சான் வூட்டு விசேசம் மாஸ்டர்.”

சாமிதுரைக்கு என்ன சொன்னோம் என்பதே ஞாபகம் இல்லை. கண்ணையன்தான் மிக்ஸர் மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். “வேன்ல சொன்னீங்களே மாஸ்டர், வாக்கு குடுத்தீங்க.”

சாமிதுரை கண்ணையனைப் பார்த்தான். கண்ணையன் சாமிதுரையைப் பார்த்தான். “சரி பஞ்சு. நாலாவது பாட்டு முடிஞ்சதும் அந்தத் தாலாட்டு மெட்டு. முன்னால வந்து நில்லு.”

நாலாவது பாட்டு முடிந்தது. சாமிதுரை மைக்கைப் பிடித்தான். “அடுத்ததாக, இந்த வீட்டு மாப்பிள்ளை பஞ்சநாதன் அவர்கள் கிடார் வாசிப்பார்.”

பந்தியில் சாம்பார் ஊற்றிய ஆளைப் பார்க்கச் சனங்கள் நாற்காலியைத் திருப்பினார்கள். பஞ்சநாதன் முன்னால் வந்து நின்றான். கண்ணை மூடினான். வாசித்தான்.

பெரிய ஸ்பீக்கரிலிருந்து தாலாட்டு இறங்கியது. வழுக்கி வழுக்கி, ஒரு பிசிறு இல்லாமல். இவ்வளவு நன்றாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. எல்லாம் பிக்கப்தான் என்று நினைத்தான். சார்ஜா இருந்த திசையைப் பார்த்து மனதுக்குள் ஒரு நன்றி சொன்னான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முருகையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி ஒருத்தர் அவன் தொடையில் தட்டினார்.

“என்னய்யா, ஒம்ம மாப்ள இப்புடி வாசிக்கிறாரு! ஒரு நாளும் சொல்லலியே?”

முருகையன் ஊரார் மெச்சுகிற பக்கம் சாய்கிற ஆள். சீர்த்தட்டிலிருந்த பட்டுக்கரைத் துண்டை உருவி எடுத்துக்கொண்டு எழுந்தான். நடந்து வந்தான். மேடை ஏறினான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கலைஞனுக்குத் துண்டு போர்த்துவது அங்கே வழக்கம்தான்.

“மாப்ள! அசத்திட்டீங்க மாப்ள!”

ஆறு வருஷம் காத்திருந்த சொல். கண்ணைத் திறந்தான். மச்சான் முன்னால் நிற்கிறான். துண்டு தோளில் விழுகிறது. துண்டு விழுந்தால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டியது. பஞ்சநாதன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வேறு.

கிடார் வாசித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வரி முடிந்தது. இரண்டாவது வரியும் தொடங்கிவிட்டது. அவன் கும்பிட்ட கை நெஞ்சில் இருக்கிறது, தாலாட்டு ஸ்பீக்கரில் வழுக்கி வழுக்கிப் போகிறது. பின்னால் சாமிதுரை தலையைக் குனிந்து கீபோர்டில் ஒன்றிப்போய் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தப் பொட்டியில் ஒரு பட்டனை அமுக்கினால் நாதஸ்வரம், இன்னொரு பட்டனை அமுக்கினால் கிடார்.

முன்வரிசையில் பல் போன கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

“ஏண்டி, கையி ரெண்டும் இங்க இருக்குது. சத்தம் எங்கேருந்துடி வருது?”

மண்டபம் வெடித்தது. அப்போதுதான் சாமிதுரை நிமிர்ந்தான். பாட்டு நின்றது.

முருகையனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் முன்னால் ஏமாந்தவன் அவனும்தான். பஞ்சநாதன் தோளிலிருந்து துண்டை உருவினான். நேராகப் போய்ச் சாமிதுரை தோளில் போட்டான்.

“வாசிச்சவனுக்குத்தான போடணும்.”

அதற்கு முன்பைவிடப் பெரிய சிரிப்பு. ஜெயசித்ரா பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சநாதன் தன் கிடாரிலிருந்து போகிற ஒயரைப் பிடித்து இழுத்தான். விரிப்புக்கு அடியில் போன ஒயர் கீபோர்டு ஸ்டாண்டின் காலில் சுற்றிக் கட்டியிருந்தது. அதற்கப்பால் அது எங்கேயும் போகவில்லை. முனை தரையில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணையனிடம் போனான்.

“எத்தன நாளா?”

கண்ணையன் மிக்ஸரின் பட்டன்களைத் துடைக்கிற மாதிரி துடைத்தான். “நீ சேந்த ரெண்டாவது மாசத்துலேருந்துப்பா.”

“நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே. கிடாரு கேட்டுச்சே.”

“நீ வாசிக்கிறதயேதான் அவரும் பொட்டியில வாசிப்பாரு. மேடையில நிக்கிறவனுக்கு எது எங்கேருந்து வருதுன்னு என்ன தெரியும்? எல்லா பாக்சும் சனத்தப் பாத்துல்ல நிக்கிது.”

“அப்ப அந்த இரைச்சலு?”

“அது என் ஆம்ப்ளிஃபயரு. எர்த்து சரியில்ல. யாராச்சும் கேட்டா ஒன்னக் கைகாட்டி வுட்டோம். கோவிச்சுக்காத.”

ஏழு வருஷம். தன்னுடையது அல்லாத சத்தத்துக்குப் பழி சுமந்து, அந்தப் பழியைத் தீர்க்கச் சார்ஜாவிலிருந்து சாமான் வரவழைத்து, உளியால் கொத்தி, சூடு வைத்து… பஞ்சநாதன் ஒயர் முனையை நீட்டினான்.

“சொருகு.”

“வேணாம்ப்பா.”

கீழேயிருந்து முருகையன் கத்தினான். “சொருகு, சொருகு! அதையுந்தான் கேப்போமே. கறி செரிக்கட்டும்.”

கண்ணையன் சொருகினான். பஞ்சநாதன் மறுபடி முன்னால் வந்து நின்றான். அதே தாலாட்டு. ஒரு துளி இரைச்சல் அவனிடமிருந்து வரவில்லை. பிக்கப் நல்ல பிக்கப். அதுதான் அவனுக்கு எமனாக வந்தது. விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் அதையும் பெரிசாக்கிச் சொன்னது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கையில் விழுகிற இடைவெளியைச் சொன்னது. நகம் கம்பியில் உரசுவதைச் சொன்னது. ஏழு வருஷம் ஒருவரும் கேட்காத வாசிப்பை எவன் திருத்துவான்? நாலு வரி சுமாராகப் போனது. ஐந்தாவது வரியில் தப்பினான். தப்பியதைத் திருத்தப் போய் மறுபடி தப்பினான்.

முருகையன் பெண்டாட்டி குஞ்சம்மாள் காது குத்திய பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நன்றாகக் கேட்கும்படிச் சொன்னாள்.

“அந்தப் பொட்டியே தேவலாம்.”

“கிடாரு, போதும்! குத்துப் பாட்டு போடச் சொல்லு!” என்று பின்வரிசையில் விசில் அடித்தார்கள். சாமிதுரை கையைக் காட்டினான். டிரம்ஸில் அடி விழுந்தது. பஞ்சநாதன் அந்தப் பாட்டுக்கும் அதன்பிறகு ஒன்பது பாட்டுக்கும் மேடையிலேயே நின்றான். இறங்கினால் ஆள் கணக்கு குறையும் என்று சாமிதுரை கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயசித்ரா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அரியலூர் தாண்டியதும் அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஏங்க, ஏழு வருசத்துல ஒரு நாளு… ஒரே ஒரு நாளு, இது நம்ம சத்தமான்னு ஒங்களுக்குத் தோணலியா?”

“கிடாரு சத்தமாத்தான் இருந்திச்சி.”

“நல்லா இருக்கும்போதே தெரிஞ்சிருக்க வேணாமா, அது நீங்க இல்லன்னு?”

பஞ்சநாதன் கிடாரைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

பதினைந்து நாளில் சாமிதுரை கடைக்கு வந்தான். வெட்கம் என்பது அவன் அறியாத பண்டம். “பஞ்சு, நடந்தத வுடு. ஆவணியில எட்டு மேடை இருக்கு. நீ வரலேன்னாக் கிடாரயாவது குடு. எங்க வூட்டுப் பக்கத்துல ஒருத்தன் இருக்கான், ஒயரமா இருப்பான், மாட்டிக்கிட்டு நிப்பான்.”

“வாசிப்பானா?”

“எதுக்கு?”

பஞ்சநாதன் உள்ளே போனான். இரண்டு பிக்கப்பையும் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டான். வயிற்றில் இரண்டு பெரிய ஓட்டையோடு கிடாரைக் கொண்டுவந்து கொடுத்தான். சாமிதுரை ஓட்டையைப் பார்த்தான். “ஜிகினாப் பேப்பர் ஒட்டிக்கலாம்” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனான். ஒட்டினான். அந்தக் கிடார் இன்னும் பல மேடை ஏறியது. எண்ணுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

ஆனால் ஜெயங்கொண்டத்துச் சனங்கள் பஞ்சநாதனை விடவில்லை. ஒரு கல்யாணத்தில் வரவேற்க நின்று யாருக்கோ கும்பிடு போட்டான். பின்னாலிருந்து ஒருத்தன் “டொய்ங்” என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவன் கை குவிந்தால் எங்கிருந்தாவது அந்தச் சத்தம் வரும். வாயாலேயே தாலாட்டு வாசிப்பார்கள். பெரியவர்கள்கூட. அவன் கும்பிடுவதையே விட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். பெரம்பலூர்க் கடையில் வாடிக்கைக்காரர்கள் வணக்கம் சொன்னாலும் கை எழாது. காயில்காரனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பேச்சு வந்தது. மாரியம்மன் கோயிலில்கூட ஒற்றைக் கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டு வந்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் மாமியார் செத்துப்போனாள். மருமகன் போகாமல் இருக்க முடியுமா? மாலையை வாங்கிக்கொண்டு போனான். முந்திரித் தோப்பு ஓரத்தில் பந்தல் போட்டிருந்தது. கட்டிலில் கிழவி கிடந்தாள். ஜெயசித்ரா அவள் கால்மாட்டில் தலைவிரிகோலமாக, தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு அழுதுகொண்டிருந்தாள். முருகையன் தலைமாட்டில் நின்றான்.

பஞ்சநாதன் மாலையைப் போட்டான். செத்தவளுக்கு மாலை போட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டா வர முடியும்? கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிட்டு நின்றான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பிறகு மெதுவாக இரண்டு கையையும் சேர்த்தான்.

பந்தல் கம்பத்துப் பக்கத்திலிருந்து வந்தது. ரொம்ப மெல்ல. “டொய்ங்… டொய்ங்…”

ஒப்பாரி வைத்தவள் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி தோள் குலுங்கியது, அழுகையில் இல்லை. முருகையன் தாயின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை.

“கைய எறக்குங்க மாப்ள” என்றான். “அம்மா எந்திரிச்சிக் கேக்கப் போவுது.”

பஞ்சநாதன் கையை இறக்கவில்லை. எவன் என்ன சத்தம் போட்டாலும் சரி என்று அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்திருந்தது. குவித்த கையோடு நின்றான். கம்பத்தடியில் தாலாட்டு ஒரு வரி போனது, இரண்டாவது வரி போனது. அவன் ஜெயசித்ராவைப் பார்த்தான். அவள் ஒருத்தி சிரிக்காமல் இருந்தால் போதும் என்று பார்த்தான்.

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாயின் ஒரு ஓரம் அவளை மீறி இழுத்தது. சட்டென்று முகத்தை அம்மாவின் காலில் புதைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

கையை இறக்கினான். பிணம் எடுக்கும்வரை நிற்கவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் வந்து, கடையைத் திறந்து, வெளியே காத்திருந்தவனின் எரிந்த மோட்டாரை உள்ளே தூக்கி வைத்தான்.

“நாளைக்கிக் கெடைக்குமாண்ணே?” என்று கேட்டான் வந்தவன்.

“கெடைக்கும்” என்றான் பஞ்சநாதன்.

வந்தவன் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டான். பஞ்சநாதன் கருகிய கம்பியை அறுக்க ஆரம்பித்துவிட்டான்.